நடந்தால் கண் மங்குகிறது, நடக்காவிட்டால் சர்க்கரை ஏறுகிறது

கேள்வி:

எனக்கு 41 வயது. கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். கணக்கர் வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். நான்கு ஆண்டுகளுக்கு முன் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் நோய்) என்று கண்டுபிடித்தார்கள். இதுவரை இரண்டு முறை நோய் கிளம்பி, ஸ்டீராய்டு ஏற்றினார்கள். இப்போது வாரத்தில் மூன்று இரவுகள் நோயை அடக்கி வைக்கும் இன்டர்ஃபெரோன் ஊசி போட்டுக்கொள்கிறேன். எடை 74 கிலோ, உயரம் 158 செ.மீ. சென்ற மாதச் சோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 6.2 (மில்லிமோல்/லிட்டர்), சில மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.0 விழுக்காடு என்று வந்தது. அம்மாவுக்கு இனிப்புநீர் (நீரிழிவு) உண்டு. டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். மாலை ஆறு மணிக்குத் தித்திவங்சா ஏரிப் பூங்காவுக்குப் போய் நடந்தால் இருபது நிமிடத்தில் வலது கண் மங்கிவிடுகிறது, இடது பாதம் தரையில் தட்டுகிறது. வீடு திரும்பிக் குளித்துப் படுத்தால் ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும். "நரம்பு வியாதிக்காரி உடம்பை அலட்டக் கூடாது" என்கிறார் மாமியார். அண்ணியோ தினமும் பத்துமலைக் கோயில் படிகளை ஏறு, எல்லாம் கரைந்துவிடும் என்கிறார். இந்த நோய் இருப்பவருக்கு உடற்பயிற்சி உண்மையிலேயே சர்க்கரையையும் எடையையும் மாற்றுமா? நோய் கூடிவிடாதா?

– செந்தூல் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

கண்ணிலிருந்தே தொடங்குவோம். அந்தப் பயம் தீராமல் மற்ற எதைச் சொன்னாலும் நீங்கள் நடக்கப் போவதில்லை.

நடந்து உடல் சூடேறும்போது பார்வை மங்குவதும், ஓய்ந்து குளிர்ந்ததும் தெளிவதும் உங்கள் நோயில் நெடுங்காலமாக அறியப்பட்ட விஷயம். 1890இல் வில்ஹெல்ம் ஊத்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இதைப் பதிவு செய்தார், அவர் பெயராலேயே ஊத்தோஃப் நிகழ்வு என்று இன்றும் அழைக்கிறார்கள். உடற்பயிற்சிதான் காரணம் என்று அவர் கருதினார். உண்மைக் காரணம் பயிற்சியால் ஏறும் உடல் சூடு என்பது பிறகுதான் தெளிவானது. வெந்நீரில் குளித்தாலும், காய்ச்சல் வந்தாலும், கதவடைத்த காரில் உட்கார்ந்திருந்தாலும் இதே மங்கல் வரும்.

நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் உறை சேதமான இடத்தில் மின் சமிக்ஞை ஏற்கெனவே தட்டுத் தடுமாறித்தான் கடக்கிறது. வெப்பம் கூடினால் நரம்பிலுள்ள சோடியம் வாயில்கள் திறந்திருக்கும் நேரம் குறைகிறது. சமிக்ஞைக்குத் தேவையான மின்னோட்டம் போதாமல் அந்த இடத்திலேயே அது நின்றுவிடுகிறது. உடலின் உள்வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் ஏறினாலே சிலருக்கு இப்படி ஆகும். குளிர்ந்ததும் வாயில்கள் பழைய வேகத்துக்குத் திரும்ப, சமிக்ஞை மீண்டும் கடக்கிறது. அங்கே புதிதாக எந்த உறையும் சிதையவில்லை. உங்கள் பாதம் தட்டுவதும் பெரும்பாலும் இதே கணக்குத்தான், கூடவே தசைச் சோர்வும் சேர்ந்துகொள்கிறது.

நோய் உண்மையில் கிளம்பினால் அதன் முகம் வேறு. புதிய அறிகுறியோ பழையது கூடியதோ, காய்ச்சலும் கிருமித் தொற்றும் இல்லாத நிலையில் 24 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டை மாமியாருக்கும் சொல்லுங்கள், அவர் பயமும் நியாயமானதுதான். ஒரு காலத்தில் மருத்துவர்களே இந்த நோயாளிகளுக்கு ஓய்வைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். 2014இல் 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சி செய்தவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கும் செய்யாதவர்களில் 6.3 விழுக்காட்டினருக்கும் நோய் மறுபடி கிளம்பியிருந்தது. இதை வைத்துப் பயிற்சி நோயைத் தடுக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கிளப்பிவிடவில்லை என்பதற்கு இது போதும்.

இனி சர்க்கரைக்கு வருவோம். மலேசியாவின் மருத்துவ வழிகாட்டியில் எச்பிஏ1சி 6.3 விழுக்காட்டைத் தொட்டால் இனிப்புநீர் என்று கணக்கு. பல நாடுகள் 6.5ஐ எல்லையாக வைத்திருப்பதால் இணையத்தில் படித்துவிட்டு "இன்னும் நிறைய இடைவெளி இருக்கிறது" என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் 6.0 எல்லைக்கு மிக அருகில் நிற்கிறது. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியர்களில் வயது வந்தோருக்கு இனிப்புநீர் 31.4 விழுக்காடு. பரம்பரை, இடுப்பைச் சுற்றிய கொழுப்பு, நாற்காலி வேலை என மூன்றும் உங்களிடம் கூடியிருக்கின்றன.

இவற்றோடு இந்த நோயும் தன் பங்குக்குச் சேர்க்கிறது. மயலின் இழந்த நரம்பு, சோடியத்தை வெளியேற்றிப் பழைய நிலைக்குத் திரும்ப அதிக ஆற்றலைச் செலவழிக்கிறது. ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களும் அந்த இடங்களில் சரிவர வேலை செய்வதில்லை. பலவீனமான காலை இழுத்து நடப்பதால் ஒரே தொலைவுக்கு மற்றவரைவிட உங்களுக்குக் கூடுதல் ஆக்ஸிஜன் செலவாகிறது. களைப்பு வருகிறது, களைப்பினால் உட்கார்கிறோம். உட்கார்ந்தே இருக்கும் தசை மெலிந்து, நீண்ட நேரம் உழைக்கும் இழைகளின் திறன் குறைகிறது. சாப்பிட்ட மாவுச்சத்தில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியது தசைதான். அது சுருங்கினால் சோற்றிலிருந்து வந்த சர்க்கரை இரத்தத்தில் நெடுநேரம் சுற்றுகிறது, கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் உள்ளவர்களிடம் குளுக்கோஸ் தாங்குதிறன் குறைந்திருப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

ஸ்டீராய்டைப் பற்றி ஒரு வார்த்தை. நோய் கிளம்பும்போது ஏற்றும் மெத்தில்பிரெட்னிசொலோன் வழக்கமாக நாளுக்கு 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாள் தரப்படும். அந்த நாட்களில் சர்க்கரை ஏறும், முடிந்ததும் இறங்கும். நான்கு ஆண்டில் இரண்டு முறை ஏற்றியதை உங்கள் 74 கிலோவுக்குக் காரணமாகச் சொல்ல முடியாது. மாதக்கணக்கில் தினமும் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்குபவர்களின் கதை வேறு.

உடற்பயிற்சி இதில் எதை மாற்றுகிறது? முதலாவது, இன்சுலினைக் கேட்காமலே தசை சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. தசை சுருங்கும்போது குளுட்4 என்ற கடத்திகள் செல்லின் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே எடுத்துச் செல்கின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலிலும் இந்த வழி திறந்தே இருக்கிறது, அன்றைய நடைக்கு அன்றே பலன் கிடைப்பது இதனால்தான். இரண்டாவது, நடந்து முடித்த பிறகும் தசை இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கிறது. அந்த விளைவு ஏறக்குறைய 24 முதல் 48 மணி நேரம் இருக்கும், பிறகு மங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு மற்ற ஆறு நாளும் உட்கார்ந்திருந்தால் சர்க்கரை கேட்காது. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்கக் கூடாது என்ற விதி இங்கிருந்துதான் வருகிறது.

மூன்றாவது மாற்றம் வாரக்கணக்கில் நடப்பது. தசையில் மைட்டோகாண்ட்ரியாவும் நுண்குழாய்களும் கூடுகின்றன, அதே தொலைவை நடக்க உடல் குறைவாகத் திணறுகிறது. 1996இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகக் குழு மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் உள்ள 54 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு இத்துறையின் திருப்புமுனை. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 40 நிமிடம், கையும் காலும் சேர்ந்து இயங்கும் மிதிவண்டிப் பயிற்சி, 15 வாரம். பயிற்சி செய்தவர்களின் ஆக்ஸிஜன் பயன்படுத்தும் திறன் 22 விழுக்காடு உயர்ந்தது. தோலடிக் கொழுப்பும் இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் குறைந்தன. ஓய்வுதான் மருந்து என்ற பழைய அறிவுரை அதற்குப் பின் நிற்க முடியவில்லை.

வேலை செய்யும் தசை சில சமிக்ஞைப் பொருள்களையும் இரத்தத்தில் விடுகிறது. அவை சிறிது நேரத்துக்கு வீக்கத்தைத் தணிக்கும் பக்கம் சாய்கின்றன. வயிற்றுக் கொழுப்பு குறைந்தால் அதிலிருந்து கசியும் வீக்கப் பொருள்களும் குறையும். ஆனால், நடந்தால் மூளையில் உள்ள நோய்த் தழும்புகள் மறையும் என்று யாராவது காணொளியில் சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கு நிரூபணம் இல்லை. இன்டர்ஃபெரோனுக்கு மாற்றாக நடையை யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

எடையைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டு மாதம் நடந்தும் முள் நகராததைப் பார்த்துத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 74 கிலோ உள்ளவர் மிதமான வேகத்தில் வாரம் 150 நிமிடம் நடந்தால், சும்மா இருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது ஏறக்குறைய 350 முதல் 400 கிலோ கலோரி. மாமாக் கடையில் ஒரு ரொட்டி சானாயும் இனிப்புப் போட்ட தே தாரிக்கும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். எடை குறைவது பெரும்பாலும் தட்டில் நடக்கிறது. நடை சர்க்கரையையும் தசையையும் இடுப்புச் சுற்றளவையும் பார்த்துக்கொள்கிறது. உங்கள் முதல் இலக்கு 4 முதல் 5 கிலோ, அவ்வளவு போதும். எடைக்கருவியைவிட அளவு நாடா உங்களுக்கு நேர்மையாகப் பதில் சொல்லும்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளந்து பாருங்கள். ஆசியப் பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை.

உங்கள் நடையில் தவறு என்று பார்த்தால் நேரமும் நீளமும்தான். மாலை ஆறு மணிக்குக் கோலாலம்பூர்ச் சாலையும் சிமெண்டும் பகல் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். போதாததற்கு நம் உடலின் உள்வெப்பமே பிற்பகலிலும் மாலையிலும்தான் உச்சத்தில் இருக்கும், விடியலுக்குச் சற்று முன் மிகக் குறைவு. காலையிலும் இங்கே ஈரப்பதம் அதிகம், வியர்வை எளிதில் காயாது என்பது உண்மை. இருந்தாலும் வெயில் இல்லை, உடலும் குளிர்ந்த நிலையில் தொடங்குகிறது. ஏழேகாலுக்கு முன்பின் சூரியன் வரும் ஊர் நம்முடையது. ஆறே முக்கால் முதல் ஏழரைக்குள் முடித்துவிடலாம். இருட்டில் தனியாகப் போக மனமில்லை என்றால் உங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்தும் தளத்திலேயே நடக்கலாம். தரை சமமாக இருக்கும், பிடித்துக்கொள்ளச் சுவரும் உண்டு.

வார இறுதிக்கு இன்னொரு வழி. கே.எல்.சி.சி. மாநாட்டு மையத்தையும் புக்கிட் பிந்தாங் பெவிலியன் பகுதியையும் இணைக்கும் குளிரூட்டப்பட்ட நடைபாலம், ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம். தித்திவங்சாவில் மோனோரெயில் ஏறினால் புக்கிட் பிந்தாங்கில் இறங்கிவிடலாம். பேரங்காடிகளும் பரவாயில்லை, சாப்பாட்டுக் கூடத்தைச் சுற்றி நடக்கும் சோதனையை நீங்கள் தாங்குவீர்கள் என்றால்.

வீட்டில் மிதிவண்டிக் கருவி வைத்திருப்பவர்கள் குளிர்சாதனத்தைப் போட்டுவிட்டு மின்விசிறியை மறந்துவிடுகிறார்கள். காற்று உடலில் வீசினால்தான் வியர்வை ஆவியாகும், இந்த நோயில் சிலருக்கு வியர்ப்பதே குறைவாக இருக்கும். விசிறியை ஒரு மீட்டர் தள்ளி முகத்துக்கும் மார்புக்கும் நேராக வையுங்கள். புறப்படுவதற்குக் கால் மணி நேரம் முன்பு நன்றாகக் குளிர்ந்த நீர் ஒரு தம்ளர், நடுவில் 10, 15 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று வாய். ஐஸ் நீர் குடித்துக்கொண்டே மிதித்தவர்கள் வெதுவெதுப்பான நீர் குடித்தவர்களைவிட நீண்ட நேரம் தாக்குப்பிடித்ததை ஆய்வு காட்டியிருக்கிறது. ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்வதும் உதவும். கால்களைக் குளிர்நீரில் வைப்பதாக இருந்தால் நீரின் குளிர்ச்சியை உணர்ச்சி நன்றாக உள்ள கையால் சோதித்துவிட்டு இறக்குங்கள், உணர்ச்சி மங்கிய பாதம் ஐஸ் சுட்டாலும் சொல்லாது. சிறுநீர் அவசரத்துக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். கழிவறைக்குப் போய்விட்டுப் புறப்படுங்கள், போகும் வழியில் எங்கே கழிவறை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சக்கரை கலந்த ஐசோடோனிக் பானம் உங்கள் நடைக்குத் தேவையே இல்லை.

இனி அளவு. இருபது நிமிடத்தில் கண் மங்குகிறது என்றால் இருபது நிமிடம் ஒரே மூச்சில் நடப்பதை விட்டுவிடுங்கள். முதல் இரண்டு வாரம்: 5 நிமிடம் நடை, 3 நிமிடம் உட்கார்ந்து ஓய்வு, இப்படி மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். நின்றுகொண்டே ஓய்வெடுப்பது ஓய்வில் சேராது, உட்கார வேண்டும். இப்படிக் கூறுபோட்டு நடப்பவர்கள் ஒரே தொடர்ச்சியாக நடப்பதைவிடக் கூடுதல் தொலைவைக் குறைந்த களைப்போடு கடக்கிறார்கள், உடல் சூடு உச்சத்துக்குப் போகும் முன்பே இறங்கிவிடுகிறது. மூன்றாம் நான்காம் வாரம் ஒவ்வொரு சுற்றும் 7 நிமிடம், அடுத்த இரண்டு வாரம் 8, ஏழாம் எட்டாம் வாரம் 10. அதன் பிறகுதான் நான்காவது நாளைச் சேர்க்க வேண்டும். நேரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள், எது அதிகமானது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

வேகத்துக்கு அளவுகோல் பேச்சு. முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை முழுதாக நம்ப வேண்டாம். இதயத்துடிப்பைக் கட்டுப்படுத்தும் தன்னியக்க நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துடிப்பு உழைப்புக்கு ஏற்ப ஏறாமல் போகலாம், இந்நோய்க்கான சில மாத்திரைகளும் துடிப்பைக் குறைக்கும்.

நிறுத்தும் இடத்தையும் முன்பே முடிவு செய்யுங்கள். கண் லேசாக மங்கத் தொடங்கினால் உட்காருங்கள். ஐந்து பத்து நிமிடத்தில் தெளிந்தால் மறு சுற்றைப் பாதியாக்கித் தொடரலாம். பாதம் தரையில் "டப்" என்று விழும் ஓசை கேட்டால் அன்றைக்கு அதோடு சரி, அடுத்துத் தடுக்கி விழுவதுதான் பாக்கி. செருப்பும் சிலிப்பரும் வேண்டாம், பின்கால் இறுகப் பிடிக்கும் காலணி. பத்து நிமிடத்துக்குள்ளேயே தினமும் பாதம் தொங்கினால் இயன்மருத்துவரிடம் காட்டுங்கள். கணுக்காலைத் தாங்கும் இலேசான பட்டையோ பிளாஸ்டிக் தாங்கியோ போட்டதும் நடைக்கான செலவே குறைந்துவிடுவதுண்டு.

வலுவூட்டும் பயிற்சியைப் பெண்கள் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். உங்களுக்கு அது நடையைவிடத் தோதானது, இடைவெளி விட்டுச் செய்வதால் உடல் அவ்வளவு சூடேறாது. சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் தசையும் இதனால்தான் கூடும். வாரம் இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. சுவரோரம் வைத்த, கைப்பிடியில்லாத சாப்பாட்டு நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக மூன்று எண்ணி உட்காருங்கள். முடியாவிட்டால் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது அடுத்தது. பிறகு மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, ரப்பர் பட்டையைக் கதவுப் பிடியில் மாட்டி முழங்கையைப் பின்னே இழுப்பது. ஒவ்வொன்றும் 10 தடவை, முதல் மாதம் ஒரு சுற்று, பிறகு இரண்டு. சுற்றுகளுக்கு நடுவே 2 முதல் 3 நிமிடம் உட்காருங்கள். 15 தடவை சுலபமாக வந்தால் கனமான பட்டைக்கு மாறலாம். எழுந்து உட்காரும்போது நல்ல காலான வலது கால் வேலையைத் திருடிக்கொள்ளும். அதைத் தடுக்க வலது பாதத்தைச் சற்று முன்னே நகர்த்தி வையுங்கள், இடது கால் உழைத்தே ஆக வேண்டும்.

இத்தனைக்கும் நேரமில்லாத நாளில் ஒன்றை மட்டும் விடாதீர்கள்: இரவுச் சாப்பாடு முடிந்ததும் தாழ்வாரத்திலோ கூடத்திலோ 10 நிமிட நடை. சோற்றின் சர்க்கரை இரத்தத்தில் ஏறும் அந்த நேரத்திலேயே தசை அதை இழுத்துக்கொள்கிறது. உடல் சூடேற இந்தப் பத்து நிமிடம் போதாது, கண்ணும் மங்காது. தினமும் செய்தால் வாரத்துக்கு 70 நிமிடம் ஆகிவிடும். அலுவலகத்தில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு மூன்று நிமிடம் நடப்பதும் இதே வகையில் உதவும். முதலாளி முறைத்தால் தண்ணீர் பிடிக்கப் போவதாகச் சொல்லுங்கள். தண்ணீரும் நீங்கள் குடிக்க வேண்டியதுதானே.

பலன் தெரிகிறதா என்று பார்க்க குளுக்கோமீட்டர் ஒன்று வாங்கலாம், ஆனால் தினமும் விரலைக் குத்த வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும், முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். ஒரு வாரம் நடந்த நாளிலும் மறு வாரம் நடக்காத நாளிலும், அதே அளவு சோற்றுக்கு. இரண்டு மணி நேர அளவு 7.8க்குக் கீழே இருக்க வேண்டும். அந்த இரண்டு எண்களின் வித்தியாசம் வீட்டில் உள்ளவர்களையும் வாயடைக்க வைக்கும். எச்பிஏ1சியை மூன்று மாதம் கழித்தே மறுபடி சோதியுங்கள், அது கடந்த எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தின் சராசரியைச் சொல்வது. மாதவிலக்கில் அதிக இரத்தப்போக்கால் இரும்புச்சத்து குறைந்திருந்தாலோ, தாலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாடு இருந்தாலோ அந்த எண் தவறாக வரலாம். இரண்டில் ஒன்று உங்களுக்கு இருந்தால் கிளினிக்கில் மறக்காமல் சொல்லுங்கள். எதிர்காலத்தில் ஸ்டீராய்டு ஏற்ற நேர்ந்தால் வெறும் வயிற்று அளவை மட்டும் நம்பாதீர்கள். காலையில் ஏற்றினால் சர்க்கரை பிற்பகலிலும் மாலையிலும்தான் ஏறும், விடிந்து பார்க்கும்போது ஒன்றுமே நடக்காதது மாதிரி இருக்கும்.

இன்டர்ஃபெரோன் ஊசிக்குச் சில மணி நேரத்தில் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம், மறுநாள் வரை தொடரலாம். ஊசி போட்ட மறுநாள் காலையில் நடையை வைக்காதீர்கள். திங்கள், புதன், வெள்ளி இரவுகளில் ஊசி என்றால் அதே நாட்களின் காலையில் நடை, பிறகு இரவில் ஊசி. செவ்வாய், வியாழனில் உடல்வலி அடங்கிய மாலையில், விசிறிக்கு அடியில், வலுவூட்டும் பயிற்சி. அடுத்த கட்டமாக டாக்டர் சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையைத் தொடங்கினால் நல்லதுதான். ஆண்டுக்கணக்கில் சாப்பிடும்போது பி12 அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள். பி12 குறைந்தால் வரும் மரமரப்பை உங்கள் நோயின் தலையில் கட்டிவிடும் ஆபத்து உண்டு.

இந்தத் திட்டம் கவிழ்வது பெரும்பாலும் நல்ல நாளில்தான். உடம்பு இலேசாக இருக்கிறதே என்று ஒரு மணி நேரம் நடந்து, வீட்டைக் கழுவி, துணியையும் மடித்து வைத்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவார்கள். நல்ல நாளிலும் அந்த வாரத்துக்கான அளவைத் தாண்டாதீர்கள். ஆகாத நாளில் பாதியைச் செய்யுங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தூக்கமில்லாத இரவு என்றால் முழு ஓய்வு. இரண்டு வாரம் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடராமல் அதில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

மங்கல் ஒரு நாளைத் தாண்டி நீடித்தாலோ, கண்ணை அசைக்கும்போது வலித்தாலோ, இதுவரை இல்லாத இடத்தில் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ உங்கள் நரம்பியல் மருத்துவரை உடனே அழையுங்கள். காய்ச்சலோடு பழைய அறிகுறிகள் தலைதூக்கினால் முதலில் சிறுநீர்த் தொற்றும் டெங்கியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெஞ்சுவலி, படபடப்பு வந்தால் நடையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

இதைப் படிக்கும் மயஸ்தீனியா கிராவிஸ் (தசை எளிதில் சோர்ந்துவிடும் வேறொரு நோய்) உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு: மேலே உள்ள அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தசை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் சோர்ந்துபோகும் வகை. பிரிடோஸ்டிக்மின் மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில், அதாவது விழுங்கி ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள், குறைந்த அளவில் செய்ய வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் உள்ள நாட்களில் தொடவே கூடாது.

கடைசியாக, அண்ணி சொன்ன பத்துமலை. 272 படி, நிழலில்லாத ஏற்றம். ஏறும்போது உடல் சூடேறி, மேலே போய்ச் சேரும் நேரத்தில் உங்கள் கண் மங்கும். இறங்கும்போது முன்தொடைத் தசை உடல் எடையைத் தாங்கி நீள வேண்டியிருப்பதால் சோர்ந்த கால் அங்கேதான் மடியும். தினப் பயிற்சியாக வேண்டாம். முருகனைப் பார்க்கப் போவதை நான் தடுக்கவில்லை. தைப்பூச நெரிசலைத் தவிர்த்துச் சாதாரண நாளில், வெயில் ஏறுமுன், யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு தளத்திலும் நில்லுங்கள், கையில் குளிர்ந்த நீர் இருக்கட்டும். கைப்பிடியை விடாதீர்கள். ஏறும்போது வலது காலை முதலில் எடுத்து வையுங்கள், இறங்கும்போது இடது காலை முதலில் இறக்குங்கள்.